செயினுக்கும் ஹால்மார்க் உண்டு!

வாங்க மெக்கானிக்கல், சிவில், புரொடக்‌ஷன் மக்களே! இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு லெட்டர் வாங்கியாச்சா? ஷூ, ஹெல்மெட் ரெடியா? அப்படியே இந்த வாரம் ஒரு விஷயத்தையும் மூளையில் பேக் பண்ணிக்கோங்க.

நகைக்கடையில் அரை பவுன் செயின் வாங்க, 'எத்தனை காரட், ஹால்மார்க் எங்கே'ன்னு ஆயிரம் கேள்வி கேட்கிறோம். ஆனா, ஷாப் ஃப்ளோரில் மூணு டன் டையைத் தலைக்கு மேலே தூக்கிட்டுப் போகும் செயினை நம்மில் பல பேர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை!

பாருங்க. அதுக்கும் ஹால்மார்க் உண்டு. லோடு தூக்குற செயின் சாதா இரும்பு இல்லை. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த அலாய் ஸ்டீல். குவென்ச்சிங், டெம்பரிங்னு மெட்டலர்ஜி பேப்பரில் பக்கம் பக்கமா எழுதினீங்களே, அந்தப் பக்குவம் பார்த்த ஸ்டீல். 'கிரேடு 80' என்றால், அறுபடும் கட்டத்தில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 800 நியூட்டன் தாங்கும் என்று அர்த்தம். கண்ணிகளில் 8 அல்லது 80 என்று எண் குத்தியிருக்கும். ஸ்லிங்கின் மேல் வளையத்தில் ஒரு டேக் தொங்கும். சைஸ், கிரேடு, எத்தனை கால், எத்தனை டன்... எல்லாம் அதில் இருக்கும். டேக் இல்லாத செயின், ஆர்.சி. புக் இல்லாத பைக் மாதிரி. தொடாதீங்க!

10 மி.மீ. கிரேடு 80 செயினை எடுத்துக்கோங்க. ஒற்றைக் காலில் 3.15 டன் தூக்கலாம். புதுசில் அது அறுபடக் குறைந்தது நாலு மடங்கு லோடு வேணும், அதாவது 12.6 டன். "அப்போ அஞ்சு டன் தூக்கினா என்ன பாஸ்?" என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல் கேட்குதே... அந்த நாலு மடங்கு உங்களுக்கு போனஸ் இல்லை பாஸ்! லோடு திடீரென விழுந்தால் ஸ்ட்ரெஸ் ரெண்டு மடங்கு ஆகும்னு ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படிச்சோமே? கிரேன் ஒரு ஜெர்க் அடிச்சா பாதி காலி. தேய்மானமும் வயசும் மீதியில் பங்கு கேட்கும்.

அடுத்த வில்லன், கோணம். முதல் வருஷத்து லாமி தியரத்தைத் தூசி தட்டுங்க. 4 டன் லோடை ரெண்டு கால் ஸ்லிங்கில் நேராகத் தூக்கினால் ஒரு காலுக்கு 2 டன். செங்குத்திலிருந்து ஒவ்வொரு காலும் 45 டிகிரி விரிந்தால் 2.83 டன். 60 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 4 டன்! அதே லோடு, அதே செயின், ஆனா இப்போ லிமிட் தாண்டியாச்சு. 60 டிகிரிக்கு மேல் விரிக்கவே கூடாது.

தூக்கும் முன்னால் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. செயினைத் துடைச்சு, தொங்கவிட்டு, கண்ணி கண்ணியாகப் பாருங்க.

* விரிசல், வெட்டு, வளைவு, முறுக்கு, துருக்குழி, சூட்டில் நிறம் மாறிய இடம்... எது இருந்தாலும் ஓரம் கட்டுங்க.

* கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் ரெண்டு திசையில் வெர்னியர் வையுங்க. சராசரி 9 மி.மீ.க்குக் கீழே போனால் 10 மி.மீ. செயினுக்கு ரிடையர்மென்ட்.

* கண்ணி 5 சதவிகிதம் நீண்டிருந்தாலும் அவுட். நல்ல அலாய் செயின் பட்டென்று அறாது, நீண்டு எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்கத்தான் அளவெடுக்கிறோம்.

* ஹூக்கின் வாய் அகலமாகி இருக்கா, லாட்ச் சரியா மூடுதா பாருங்க.

முடிச்சுப் போட்டு நீளம் குறைப்பது, போல்ட் போட்டு ஒட்டுப் போடுவது கூடவே கூடாது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் போயே போச்சு. ஆசிட் பக்கம் கொண்டு போனால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து ஸ்டீலை நொறுங்க வைக்கும். கூர் விளிம்புக்குப் பேடிங் வேணும். 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு என்றால் லோடைக் குறைக்கணும், 400 தாண்டினால் அந்த இடத்துக்கே இந்தச் செயின் போகக் கூடாது.

தகுதியான நபர் வருஷத்துக்கு ஒரு முறையாவது செயினை முழுசாப் பரிசோதிக்கணும்னு 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவே சொன்னது. ஆனா, பரிசோதனை முடிந்த மறுநாளே ஒரு கண்ணி அடிபடலாம். மீதி 364 நாளும் பார்க்க வேண்டியது, அதைக் கையில் எடுக்கிறவர்தான்.

"டிரெயினி நாம, நமக்கு எதுக்கு வம்பு"ன்னு தோணும். தோணட்டும். லோடுக்குக் கீழே நீங்களும் நிற்காதீங்க, நிற்கிறவரையும் விலகச் சொல்லுங்க. அப்புறம் பணிவா, "அண்ணே, இந்த ஸ்லிங்கோட டேக் எங்கேண்ணே?"ன்னு கேளுங்க. நல்ல ஃபோர்மேன் கோவிச்சுக்க மாட்டார், தேட ஆரம்பிப்பார். அப்படியே முறைச்சாலும் பரவாயில்லை. ஒரு நாள் முறைப்பு மறந்து போகும். கீழே நிற்கிற ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமே மக்களே!