கேசரிக்குக் குளிருமா?



"மீன்தொட்டிக்கு ஹீட்டர் நிஜமாவே வேணுமா, இல்லை கடைக்காரங்க சும்மா நம்ம தலையில கட்டுறாங்களா?" பிள்ளைகளுக்கு மீன் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு, குளிர்காலம் வரும்போது இந்தக் கேள்வியும் கூடவே வரும். எனக்கும் வந்தது. முதலில் நான் தப்பான பதிலைத்தான் கண்டுபிடிச்சேன். அதனால அந்தக் கதையிலிருந்தே தொடங்கறேன்.

போன ஜூலையில் மகளோட 7-வது பிறந்தநாளுக்கு ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினோம். நல்ல ஆரஞ்சு நிறம். பார்த்ததுமே "கேசரி"ன்னு பேர் வச்சுட்டா. 30 லிட்டர் தொட்டி, ஒரு சின்ன ஃபில்டர், நாலு செடி. கடையில் ஹீட்டரையும் எடுத்துக் காட்டினாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். சின்ன வயசில் லீவுக்குச் சென்னை போறப்ப, மாமா வீட்டு ஜன்னல் ஓரமா ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்ள ஒரு ஃபைட்டர் இருக்கும். கொளத்தூரில் வாங்கினது. ஹீட்டரும் இல்லை, ஃபில்டரும் இல்லை. அதுவே இருந்ததே, இதுக்கு மட்டும் எதுக்குன்னு நினைச்சேன்.

கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. மகள் பக்கத்தில் போனாலே கேசரி கண்ணாடிகிட்ட வந்து நிற்கும். அக்டோபர் வந்தது. இங்கிலாந்தில் பல வீடுகளைப் போல எங்க வீட்டிலும் ராத்திரி ஹீட்டிங்கை அணைச்சுடுவோம். கேசரி மெல்ல மெல்ல அடியிலேயே கிடக்க ஆரம்பிச்சது. துடுப்பை உடம்போட ஒட்டி வச்சிருக்கும். போட்ட தீனி அப்படியே கிடந்து தண்ணியைக் கலக்கியது.

"ஏம்மா அது வரவே மாட்டேங்குது?"ன்னு மகள் கேட்டா.

"தூங்குதுடா கண்ணா"ன்னேன். நாலு நாளா அதே பதில்.

அஞ்சாம் நாள் காலையில் எங்கம்மா தொட்டிக்குள்ள விரலை விட்டுப் பார்த்தாங்க. "ஏண்டி, தண்ணி ஃபிரிட்ஜுல வச்ச மாதிரி ஜில்லுனு இருக்கே!"

"மாமா வீட்டுல பாட்டில்லதானேம்மா இருந்தது?"

"அங்க ஊரே ஹீட்டர்டி! நாமெல்லாம் ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கோம். அதுக்கு யாரு போட்டு விடுவா?"

அன்னைக்கே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒட்டினேன். மறுநாள் காலை 17 டிகிரி. ஃபைட்டருக்கு வேண்டியது 24 முதல் 27 வரை.

விஷயம் இவ்வளவுதான். நம்ம உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கும். மீனுக்கு அது முடியாது. தண்ணி எவ்வளவு சூடோ, பெரும்பாலான மீன்களுக்கு உடம்பும் அவ்வளவுதான். தண்ணி குளிர்ந்தா செரிமானம் மந்தமாகும், நோயைத் தாங்குற சக்தி குறையும், வெள்ளைப்புள்ளி நோய் எளிதா ஒட்டிக்கும். பகலில் 22, ராத்திரி 17-ன்னு ஏறி இறங்கினா இன்னும் மோசம். அதனால "நமக்குக் குளிருதா?"ன்னு கேட்கிறது தப்பான கேள்வி. கேட்க வேண்டியது ரெண்டு: இந்த மீன் எந்த ஊர்த் தண்ணிக்குப் பழகினது? நம்ம வீட்டில் விடியற்காலையில் தண்ணி எத்தனை டிகிரி?

ஃபைட்டரோட பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஆறுகளைச் சேர்ந்தது. கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாமே வெப்ப நாட்டு மீன்கள்தான். குளிர் நாட்டில் இருக்கிறவங்க இவற்றை வளர்த்தா ஹீட்டர் அவசியம். தங்கமீனுக்கு வேண்டாம், அது குளிர்ந்த தண்ணி மீன். ஆனா அது பெரிசா வளரும், சின்னத் தொட்டி பத்தாது. ஃபைட்டரையும் தங்கமீனையும் ஒரே தொட்டியில் போடவும் கூடாது. ஹீட்டர் இல்லாம வளர்க்கணும்னா, சீனாவிலிருந்து வந்த வொயிட் கிளவுட் மீனைப் பாருங்க. நம்ம துணைக்கண்டத்து ஓடைகளைச் சேர்ந்த ஜீப்ரா டானியோவும் 18 டிகிரி வரை தாங்கும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறவங்களுக்குப் பொதுவா ஹீட்டர் தேவைப்படாது. ஆனா வளைகுடா நாடுகள் மாதிரி நாள் முழுக்க ஏசி ஓடுற வீடா இருந்தா, அங்கேயும் தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வாங்கும்போது லிட்டருக்கு 1 வாட்னு தோராயமா கணக்கு வச்சுக்கலாம். ரொம்பக் குளிர்ற அறையா இருந்தா கொஞ்சம் கூடுதல். எங்க 30 லிட்டருக்கு 50 வாட் வாங்கினோம். அது நாள் பூரா நிற்காம எரிஞ்சாலும் 1.2 யூனிட்தான். தெர்மோஸ்டாட் இருக்கிறதால அதில் பாதி நேரம்கூட எரியறதில்லை. மூடி போட்டா இன்னும் குறையும். ஃபில்டர் தண்ணி ஓடுற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினா சூடு தொட்டி முழுக்கப் பரவும். தண்ணி மாத்தறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழற்றி 15 நிமிஷம் ஆற விடுங்க. சூடான கண்ணாடி ஹீட்டர் தண்ணிக்கு வெளியே வந்தா விரிசல் விடும். இதைப் பிள்ளைகள் கையில் விட வேண்டாம். ஹீட்டர் வந்த பிறகும் தெர்மாமீட்டரை எடுத்துடாதீங்க. ஹீட்டர் கெட்டுப் போனா அதுதான் காட்டிக் கொடுக்கும்.

எங்க வீட்டில் சூட்டை ஒரேயடியா ஏத்தலை. முதல் நாள் 20, அடுத்த நாள் 22, அப்புறம் 25. திடீர்னு ஏத்தினா அதுவும் மீனுக்கு அதிர்ச்சி. நாலாம் நாள் கேசரி மேலே வந்து ஒரே ஒரு தீனியைக் கவ்வியது. மகள் போட்ட சத்தத்தில் எங்கம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி மகள்கிட்ட உண்மையைச் சொன்னேன். "அது தூங்கலைடா. அதுக்குக் குளிர்ந்தது. எனக்குத் தெரியலை, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்போ அடுத்த தடவை தெரியலைன்னே சொல்லும்மா. பாட்டிகிட்ட கேட்டிருக்கலாம்ல?"

இப்போ தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன்னாடி, தெர்மாமீட்டரைப் பார்த்து ஃபிரிட்ஜ் மேலே ஒட்டின தாளில் எழுதி வைக்கிறது அவ வேலை. எண்ணைத் தமிழிலதான் சொல்லணும்ங்கறது பாட்டியோட கட்டளை. இன்னைக்கு "இருபத்தஞ்சு".

உங்க வீட்டுத் தொட்டியில் எத்தனைன்னு நாளைக்குக் காலையில் பார்த்துடுங்க. அடுத்த மாதம் சந்திப்போம்.