மேடு ஒரு சாக்கு

கண்டில சைக்கிள் பழகப் போறேன்னு சொல்லிப் பாருங்க. "இந்த மேட்டுலயா?" என்பதுதான் முதல் பதில். சொல்வது பெண் என்றால் கூடவே ஒரு சிரிப்பும் வரும். 2022இல் பெற்றோல் கியூ நீண்டபோது இதே மேட்டில்தான் பலரும் மிதித்தார்கள். பெற்றோல் வந்ததும் மேடு திரும்பவும் செங்குத்தாகிவிட்டது!

ஹந்தானைக்கு ஏறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கெட்டம்பேயிலிருந்து வில்லியம் கொபல்லாவ மாவத்தையால் டவுனுக்கு வர எந்த மலையும் குறுக்கே இல்லை. பழகுவதற்கு பேராதனை கெம்பஸுக்குள் ஞாயிறு விடியக்காலை போதும். சீட்டை நல்லா இறக்கி, ரெண்டு காலும் தரையில படுற மாதிரி வச்சு, பெடலைத் தொடாம உந்தி உந்திப் போனா பேலன்ஸ் தானா வரும். ஏற்றம் தொடங்க முதலே கியரைக் குறைக்கணும். முடியலையா, இறங்கித் தள்ளுங்க, அதுல என்ன வெட்கம்? இறக்கத்தில்தான் கவனம்: முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

பயப்பட வேண்டியது மேட்டுக்கு இல்லை. ஓவர்டேக் பண்ணி ஓரத்துக்கு நெருக்குற பஸ்ஸுக்கும், அந்த ஓரத்தையே பார்க்கிங் ஆக்கிய வேனுக்கும்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். அங்கே தரை சமம், சரி. ஆனா அங்க ஒரு பொம்பளப் பிள்ளை சைக்கிள்ல ஏறினா அது ஒரு செய்தியே இல்ல. இங்க தலை திரும்பும், கமெண்ட் வரும். அதுக்கும் மேடுதான் காரணமா?