நிற்கக் கற்றபின் ஓடுக

— பழைய மாணவன் ஒருவன், நானுஓயா

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் எழுதியபோது, கல்வியின் மாண்பையோ நம் ஆசிரியப் பெருமக்களின் புகழையோ யான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை எழுதுதற்கு என்னினும் தக்கார் பலர் உளர். யான் எழுதப் புகுந்தது ஒரு பழைய மோட்டார் காரைப் பற்றி. அக்கார் புகட்டிய பாடம் நம் கல்லூரிக்கும் உரியது என்று கருதியே இத்துணிவு கொண்டேன்.

நானுஓயாவை நம் பழைய மாணவருட் பலர் புகையிரத நிலையமாக மாத்திரமே அறிவர். 1885-ஆம் ஆண்டில் மலைநாட்டு இருப்புப்பாதை இங்கு வந்து சேர்ந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே, மூடுபனி அடிக்கடி வந்து தங்கும் ஊர் இது. இங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச்சென்ற குறுகிய பாதை இரயிலும் 1940-களில் நின்று போயிற்று. அதன்பின் மக்களும் கொழுந்தும் பண்டமும் சாலையையே நம்பலாயின. எனவே இவ்வூரில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவது உயிரைப் பற்றிப் பேசுவதேயாகும்.

தோட்டத் துரைமார் வாழ்ந்த காலத்தில் ஆங்கில நாட்டு விளையாட்டுக் கார்கள் இம்மலைகளில் புகழ் பெற்றன. நுவரெலியாவை அடுத்த மாகாஸ்தோட்டைத் தோட்டச் சாலையில் மலையேற்றப் போட்டி 1934-இலேயே தொடங்கிவிட்டது. ஒக்ஸ்போர்ட் நகரத்து மொறிஸ் கராஜ் என்னும் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கிய எம்.ஜி. கார்கள் அக்கார்களுட் பெயர் பெற்றவை. 1929 முதல் 1980 வரை அபிங்டன் ஊரில் அவை ஆக்கப்பட்டன. அத்தகைய எம்.ஜி. டி.டி. ஒன்று, 1951-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது, என் நண்பர் ஒருவரின் கொட்டிலில் தார்ப்பாயின் கீழ் நெடுங்காலம் துயின்று கிடந்தது. அதனை உயிர்ப்பிக்க அவர் முடிவு செய்தார்.

நண்பரின் எண்ணம் முழுவதும் எஞ்சினிலேயே இருந்தது. அதன் முழக்கத்தை மீண்டும் கேட்கவேண்டும். பிரேக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேலைக்கு வந்த பாஸ், தோட்டத்து லயத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ஓடாத கார் ஒருவரையும் கொல்லாது ஐயா, நிற்காத கார்தான் கொல்லும். முதலில் பிரேக்கைக் கழற்றுவோம்" என்றார். இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கும்.

அவர் கூற்றின் உண்மையைக் கணக்காலும் காட்டலாம். 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி 400 மீற்றர் உயரத்தினின்று இறங்கும்போது வெளிப்படும் சத்து, பன்னிரண்டு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கைத் தாங்கும். எஞ்சியது முழுவதும் பிரேக் உருளைகளில் வெப்பமாகவே முடியவேண்டும். அவ்வெப்பம் மிகுந்தால் உராய்வுப் பட்டைகளின் பிடி தளரும்; குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். எண்ணெய் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ அமுங்கிவிடும். அப்போது மிதிகட்டை தரைவரை சென்றும் வண்டி நில்லாது.

நம் மாணவர் பாஸ்கலின் விதியை மனனஞ் செய்து தேர்வில் எழுதுகின்றனர். அவ்விதி உயிரோடு இயங்கும் இடம் பிரேக்கின் தலைமைச் சிலிண்டர் என்பதைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்? இந்தக் காரில் அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் அமைந்துள்ளது. கழற்றிப் பார்த்தபோது அதன் உட்சுவர் அம்மைத் தழும்பு போற் குழிந்திருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. இன்று பரவலாக வழங்கும் நான்காந் தர எண்ணெய், புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அதற்குரிய எல்லை 155 பாகையே. எங்கள் மூடுபனி நாட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றாதவர் தம் காலடியில் ஆபத்தை வளர்க்கின்றனர் என்பதில் ஐயமில்லை.

தலைமைச் சிலிண்டருக்குத் துருவேறா எஃகில் உட்குழல் கடைந்து பொருத்தினார்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று என ஆறு சிறு சிலிண்டர்களும் புதுப்பிக்கப்பட்டன. புறத்தே நன்றாகத் தோன்றிய றப்பர்க் குழாய்கள் உள்ளே வீங்கி அடைபட்டிருந்தமையால் அவற்றை வீசியெறிந்தார்கள். பழைய பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆதலின் காற்றால் ஊதாது, ஈரத்துணியால் துடைத்தார்கள். கராஜ்களில் இளைஞர் அத்தூசியை வாயால் ஊதுவதை யான் கண்டிருக்கிறேன். இதனை வாசிக்கும் எவரேனும் அவ்வழக்கத்தைத் தடுப்பாராயின் இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.

பிரேக்கு முடிந்த பின்னரே எஞ்சின். 1,250 கன சென்ரிமீற்றர் கொண்ட அந்நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் திருகாணிகளின் தலை ஆங்கில விற்வேத் அளவிலும், மரை மில்லிமீற்றர் அளவிலும் அமைந்துள்ளன. சாவி பொருந்துகிறதே என்று அங்குல மரையுள்ள ஆணியைப் புகுத்தினால் வார்ப்பே கெடும். பாஸ் ஒவ்வோர் ஆணியையும் கழற்றிய இடத்தின் படம் வரைந்த அட்டையிற் குத்திவைத்தார். சுழல்தண்டை நுண்ணளவியால் நான்கு திசையிலும் அளந்தார். தேய்வு சீராக இல்லையெனக் கண்டு அதனைக் கொழும்புக்கு அனுப்பி அரைப்பித்தார். புதிய பெயாரிங்குகள் அதற்கேற்ற அளவில் வந்தன. இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் கார்புரேட்டரையும் இங்கேயே வைத்துச் சீர்செய்தார். எஞ்சின் முதன்முறை முழங்கியபோது நண்பர் கண் கலங்கினார். பாஸோ எண்ணெய் அழுத்தமானியையே பார்த்து நின்றார்.

இங்கே ஒரு வாதம் எழும். பழைய பொருளைப் பழையபடியே பேணவேண்டும், புதுமை கலப்பது பாவம் என்பாரும் உளர். இக்காரின் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றிற் செல்வது. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் பிடி இழக்கும். கைப்பிரேக்கு ஒன்றே துணை. முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்தல் இன்று இயலும். தோற்றத்தையும் ஒலியையும் காக்க. மரத்தையும் தோலையும் காக்க. ஆயின் ஆபத்தைக் காத்தல் பழமை பேணலாகாது என்பதே என் துணிபு. நண்பர் சிறிது தயங்கிப் பின் இசைந்தார்.

செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளுக்கு விழா மலரில் இத்துணை இடமா என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் இந்த எம்.ஜி. காரைத் திறந்த கைகளே பாடசாலை வானையும் கொழுந்து லொறியையும் திறக்கின்றன. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரும்பாலும் மூடப்பட்டிருந்த காலத்தில், இந்நாட்டின் பழைய வண்டிகளை ஓடச்செய்தவை இத்தகைய கைகள் அல்லவோ? 2023 ஜனவரி 20-ஆம் நாள் நானுஓயா ரதெல்லைக் குறுக்கு வீதியில், மாணவரை ஏற்றிவந்த சுற்றுலா பஸ் ஒன்று வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோத, ஏழு பேர் உயிரிழந்தனர். அவ்விபத்துக்குக் காரணம் இன்னதெனத் தீர்ப்பது என் பணியன்று. அச்சரிவின் வழியே செல்லும்போதெல்லாம், முன்னே இறங்கும் வண்டியின் பிரேக்கை இறுதியாகத் திறந்து பார்த்தவர் யார், எப்போது பார்த்தார் என்ற வினா மட்டும் என் நெஞ்சில் எழுகின்றது.

அப்பணியைச் செய்பவருக்கு நாம் அளிக்கும் மதிப்பு யாது? சரசுவதி பூசையன்று ஏட்டையும் சுத்தியலையும் ஒரே பீடத்தில் வைத்துச் சந்தனம் இடுகின்றோம். மறுநாட் காலையில் ஏட்டுக்கு ஒரு வாயில், சுத்தியலுக்கு ஒரு வாயில் என்று பிரித்துவிடுகின்றோம். கணிதத்தில் தவறியவனையே பட்டறைக்கு அனுப்பவேண்டும் என எண்ணுகின்றோம். நுண்ணளவியைப் படிக்கவும் வெப்பத்தைக் கணிக்கவும் கணிதம் வேண்டாமா? தேசிய தொழிற்றகைமை முறையில், செய்து கற்ற திறனையும் மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி இன்று உண்டு. எங்கள் பாஸ் அதனைக் கேள்வியுற்றதேயில்லை. விண்ணப்பத்தை நிரப்ப ஒருவர் துணை போதும். எழுத்தறிந்த நாம் அத்துணையைக்கூட அளிக்கவில்லை.

ஆகவே பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா நினைவாக வளைவோ மணிக்கூண்டோ எழுப்புமுன், கல்லூரியில் ஒரு சிறு பட்டறை அமையட்டும். வெட்டித் திறந்த எஞ்சின் ஒன்றும், கண்ணாடிக் குழாயில் எண்ணெய் ஓடுவதைக் காட்டும் பிரேக் ஒன்றும், ஒரு கடைசல் இயந்திரமும் முதற்கண் போதும். விஞ்ஞான மாணவனும் கலைப்பிரிவு மாணவனும் வாரத்தில் ஒரு மணி நேரம் அங்கே கை அழுக்காகட்டும். கற்பிக்க எங்கள் பாஸ் போன்றாரை அழைத்து, ஆசிரியருக்குரிய ஆசனத்தையே அளிப்போம்.

கார் முடிந்த நாளில் நண்பர் அதனை முழு வேகத்தில் ஓட்ட விரும்பினார். பாஸ் இசையவில்லை. சமதரையில் பத்துமுறை ஓட்டி, பத்துமுறை நிறுத்தி, இறங்கி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். நான்கும் ஒத்த சூட்டில் இருந்தன. அதன் பின்னரே, "இனிப் போகலாம் ஐயா" என்றார்.

நம் கல்லூரி இளைஞருக்கு ஓடக் கற்பித்த புகழுடையது. நிற்கவும் கற்பிக்கும் புகழை இவ்விழா ஆண்டு அதற்கு அளிப்பதாக.