புதிர்ப் பெட்டி

செயற்கைக்கோளின் துணைகொண்டு, ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு 2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தோன்றியது. அதன்கண் புதிர்வகையே சிறந்ததென்போம். வெளியிடப்படும் இடக்குறி பொய். விடை கண்டார்க்கே மெய்யிடம் புலப்படும். அவ்விடையைப் பிறரிடம் இரந்து பெறுவாரை ஆட்டக்காரரென யாம் ஒப்போம்.

சென்னையில் எமக்கு வாய்த்த புதிர், ‘குதிரைமீதமர்ந்த மன்றோவுக்கு இல்லாதது யாது? எழுத்தெண்ணுக’ என்பது. அறையிலிருந்தே ‘உயிர்’ எனத் துணிந்து, மூன்றெழுத்தை நம்பி, வெயிலில் ஒரு மைல் வீணே அலைந்தோம். (நகையாதீர்!) ‘விடையைக் கேட்டுவிடுவோம்’ என்றார் ஒரு தோழர், மறுத்தோம். பன்முறை பேருந்திற் கடந்த சிலைதான். நடந்து சென்று அண்ணாந்து நோக்கிய அன்றே அங்கவடி இல்லாமை கண்டோம். ஐந்தெழுத்து! பெட்டியுள் இருந்தது பெயரெழுதும் தாட்சுருளே. இதற்கோ இத்துணை அலைச்சல் என்பாரை அச்சிலையடிக்கு அழைக்கின்றோம்.