ராக்கெட் பாகம் படகில் விழுந்தால் யார் பொறுப்பு?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட், இலங்கை மீது பறக்காமலிருக்க வளைந்து போகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினத்திலோ தெற்கே நேராகக் கடல்தான். சிறிய ராக்கெட் ஏவும் தனியார் நிறுவனங்களுக்கு இது பெரும் லாபம். சரி, ராக்கெட் தடம் மாறி, கடலில் நிற்கும் படகின்மேல் விழுந்தால்?

1972-ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கை, தரையிலோ கடலிலோ நேரும் சேதத்துக்கு ஏவிய நாடே முழுப் பொறுப்பு என்கிறது. தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவில் விழுந்தது. கனடா சுமார் 60 லட்சம் கனடா டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சம் கிடைத்தது.

ஆனால் ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. அதன் 7-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒரே ராக்கெட்டின் பாகங்கள் இரண்டு படகுகளில் விழுந்தால், இலங்கை மீனவருக்காகக் கொழும்பு டெல்லியிடம் இழப்பீடு கேட்கலாம். பக்கத்துப் படகிலிருக்கும், குலசேகரன்பட்டினத்தை அடுத்த மணப்பாட்டு மீனவருக்கு இந்தியச் சட்டமே கதி. விண்வெளிக்கென்று அப்படியொரு சட்டம்தான் நம்மிடம் இல்லை.

2017-இல் வெளியான விண்வெளி மசோதா வரைவு சட்டமாகவில்லை. 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது. தனியார் ஏவுதலுக்கு அனுமதி தர இன்-ஸ்பேஸ் அமைப்பு இருக்கிறது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே மாதம் சோதனை ராக்கெட்டையே ஏவிவிட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவரே முழுப் பொறுப்பு என்று டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி உண்டுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மீனவக் குடும்பம் எத்தனை ஆண்டுகள் கோர்ட் படியேறும்? விஷவாயுக் கசிவுக்குப் பின் இழப்பீட்டுக்காகப் போபால் மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

பிரான்ஸ் 2008-லேயே சட்டம் இயற்றிவிட்டது: ஒரு வரம்புவரை நிறுவனம் தரும், அதற்கு மேல் அரசு தாங்கும். முதலீட்டாளருக்கும் இதுவே நல்லது. பொறுப்பின் அளவு தெரியாமல் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை எப்படிக் கணக்கிடும்?

விபத்தே நேராவிட்டாலும் இழப்பு உண்டு. ராக்கெட் ஏவும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்த பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாள் பிழைப்பும் போகிறது. குலசேகரன்பட்டினம் பக்கத்து ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை மீனவர்களுக்கும் நாளை இதுவே நேரும். அந்த நாள்களுக்கான ஈட்டுத்தொகையையும் சேர்த்து, குலசேகரன்பட்டினத்தில் முதல் ராக்கெட் ஏவுமுன் நாடாளுமன்றம் விண்வெளிப் பொறுப்புக்கான சட்டத்தை நிறைவேற்ற வேண்டும்.