பூஸ்டர் பாட்டில்ல காசைக் கொட்டாதீங்க: என் ஆர்க்கிட் சொல்லிக் கொடுத்த கணக்கு



போன வருஷம் போனஸ் வந்த கையோட, பால்கனிக்கு 800 ரூபாய்ல ஒரு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்கினேன். தொட்டியில மண்ணே கிடையாது. கரித்துண்டும் தேங்காய் மட்டையும்தான். சீக்கிரம் பூக்கணும்னு 1,150 ரூபாய்க்கு மூணு பாட்டில் 'பூஸ்டர்' வாங்கி, லேபிள்ல போட்டிருந்ததைவிட ரெண்டு மடங்கு ஊத்தினேன். ஒரே மாசத்துல வேர் நுனியெல்லாம் கருகிப்போச்சு. செடியும் போச்சு, காசும் போச்சு.

தப்பு எங்கே? மண் இருந்தா கூடுதல் உரத்தை ஓரளவு பிடிச்சு வச்சுக்கும். கரிக்கும் மட்டைக்கும் அந்தத் தாங்குசக்தி ரொம்பக் கம்மி. உப்பு கூடினா வேரால தண்ணியை இழுக்கவே முடியாது. எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாத குடும்பம் மாதிரிதான், ஒரு தப்பு நடந்தாலும் நேரா அடி.

அதனால என் கருத்து இதுதான்: பூஸ்டருக்குப் போடுற காசை ஒரு சின்ன டிஜிட்டல் தராசுக்குப் போடுங்க.

கணக்கைப் பாருங்க. தண்ணியில கரையுற 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம் போதும். நாலு தொட்டிக்கு வாரம் ஒரு லிட்டர்னா, 100 கிராம் பாக்கெட் 200 வாரம் வரும். கிட்டத்தட்ட நாலு வருஷம்! "ஒரு கிலோ ஆஃபர்"னு வாங்கினா, ஈரம் இழுத்துக் கட்டியாகிறதுதான் மிச்சம்.

மாச பட்ஜெட் இப்படிப் போடுங்க:

முதல் வாரமும் மூணாவது வாரமும் 19:19:19. இதுல கால்சியம் இல்லை. அதனால ரெண்டாவது வாரம் கால்சியம் நைட்ரேட், அதே அளவு. நாலாவது வாரம் வெறும் தண்ணியைத் தாராளமா ஊத்தித் தேங்கின உப்பைக் கழுவிடுங்க. ரெண்டு உரத்தையும் ஒரே பாட்டில்ல கரைச்சு வைக்காதீங்க. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையா அடியில படிஞ்சிடும், செடிக்குக் கிடைக்காது. வேர் காய்ஞ்சிருந்தா முதல்ல தண்ணி, அப்புறம்தான் உரம்.

இவ்வளவு செஞ்சும் பூக்கலையா? இன்னொரு பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி தொட்டியை நல்ல வெளிச்சத்துக்கு மாத்திப் பாருங்க. அதுக்குச் செலவே இல்லை.

எஸ்ஐபி-யும் இதேதான். கொஞ்சமா, அளந்து, விடாம போடணும். அவசரப்பட்டுக் கொட்டினா வேர்தான் கருகும்.

உங்க பால்கனியில இதுவரைக்கும் எவ்வளவு கொட்டியிருக்கீங்க? வீடியோவுக்குக் கீழே கமெண்ட்ல சொல்லுங்க!