கட்டினால் வளரும்

1966-ல் ஜப்பானில் ஒரு திவசம். யோஷியாக்கி சாட்டோ என்ற பதினெட்டு வயதுப் பையன் வழக்கப்படி மண்டிபோட்டு, குதிகால் மேல் உட்கார்ந்திருந்தான். கால் மரத்துவிட்டது. நாமாக இருந்தால் மெல்ல நழுவி வாசல் பக்கம் போய்க் காலை உதறுவோம். சாட்டோ உடற்பயிற்சிப் பைத்தியம். ஆடுசதையைத் தொட்டுப் பார்த்தால், கனமான எடை தூக்கின பிறகு இருக்குமே, அதே மாதிரி விண்ணென்று இருந்தது. ரத்தம் தடைப்பட்டதுதான் காரணமோ? பல வருஷம் தன் கை காலிலேயே பட்டை கட்டிச் சோதித்து, 'காட்ஸு' என்று ஒரு பயிற்சியே கண்டுபிடித்துவிட்டார்.

தொடையின் மேற்பகுதியில் பட்டை. உள்ளே வரும் ரத்தம் குறையும். திரும்பும் ரத்தம் அநேகமாக நின்றே போகும். உங்களால் அதிகபட்சம் தூக்கமுடிந்த எடையில் 20-30 சதவிகிதம் போதும். முதலில் 30 தடவை, பிறகு மூன்று முறை 15. ஆக்ஸிஜன் போதாமல் சின்னத் தசை இழைகள் களைத்துவிட, நரம்பு வேறு வழியின்றிப் பெரிய இழைகளையும் கூப்பிடுகிறது. சாதாரணமாகக் கனமான எடைக்கு மட்டுமே எழுந்துவரும் பெரிய மனுஷர்கள் அவர்கள்.

2000-ல் டக்கராடா குழுவினர் அறுபதை நெருங்கும் பெண்களிடம் 16 வாரம் சோதித்தார்கள். பட்டையுடன் லேசாகத் தூக்கியவர்களின் கைத்தசை, கனமாகத் தூக்கியவர்களுக்குச் சமமாக வளர்ந்தது. ஆனால், புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பின் சாமர்த்தியம். தசை பருப்பது அப்புறம்தான். பொதுவாக, பலம் என்று வந்தால் கனமான எடைதான் இன்னும் ஜெயிக்கிறது.

பின் யாருக்கு இது? என் அக்கா மாதிரி ஆட்களுக்கு. வயது அறுபத்தேழு, இரண்டு முழங்காலிலும் வலி. வயதாக ஆகத் தொடைச் சதை கரையும். கரைந்தால் பஸ் படி ஏறமுடியாது, விழுந்தால் எலும்பு முறியும். 'எடை தூக்கு' என்றால், 'இந்த உடம்பையே தூக்க முடியலைடா' என்கிறாள்.

உடனே பாவாடை நாடாவைத் தேடாதீர்கள். ரத்த உறைவு, பிரஷர், கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் கூடாது. அழுத்தத்தை அளந்து கட்ட, விஷயம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

அக்காவிடம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கையைக் காலைக் கட்டிப்போட்டுத்தானேடா நாப்பது வருஷம் அந்த வீட்ல வேலை செஞ்சேன். எனக்கு ஒண்ணும் வளரலையே?"